பத்தொன்பதாவது புள்ளிக்கோடு

உங்கள் காவல் நிலையத்தில் காபி நன்றாக இருக்கிறது. முகஸ்துதி இல்லை. எங்கள் நிறுவனத்தில் ஆறு காபி இயந்திரங்கள் இருக்கின்றன, ஆறிலும் வருவது ஒரே கழுநீர்தான். இது பாத்திரத்தில் போட்டு வடித்தது, வாசனையிலேயே தெரிகிறது. இன்னும் அரைக் குவளை கிடைத்தால் மறுக்க மாட்டேன்.

பதிவு ஓடுகிறதா? சரி. பெயர் ஹெய்மோ ராஸ்தாஸ். வயது நாற்பத்தொன்பது. ஓவுலு நகரில் குடியிருப்பு, தனி ஆள். வேலை மென்பொருள் கட்டமைப்பாளர். அது என்ன வேலை என்று என் அம்மாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீடு கட்டுகிறாயா என்று கேட்பாள். இல்லை, மற்றவர்கள் கட்டியதைப் படம் போட்டுக் காட்டுகிறேன் என்பேன். "அதுக்கு ஒரு சம்பளமா?" என்பாள். கெமி என்ற ஊரில் தனியாக இருக்கிறாள். எண்பத்திரண்டு வயதாகிறது, நாக்கு மட்டும் தேயவே இல்லை.

வக்கீல் வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் இருந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே புகுந்து குழப்புவார். நடந்ததை முதலிலிருந்து சொன்னால் உங்களுக்கே தெளிவாகிவிடும். ஒரு விஷயத்தை யாருக்கும் புரியும்படி சொல்லத் தெரிந்தவன் என்றுதான் எனக்கு இந்த ஊரில் பெயர்.

நாங்கள் விற்பது ஒரு மணிக்கட்டுப் பட்டை. தனியாக வாழும் முதியவர்கள் கட்டிக்கொள்வது. அதில் இரண்டு பொத்தான்கள். சிவப்பை அழுத்தினால் எங்கள் உதவி மையத்தில் ஒருவர் பேசுவார், தேவைப்பட்டால் ஆளை அனுப்புவார். பச்சையைக் காலையில் எழுந்ததும் அழுத்த வேண்டும். இன்றும் எழுந்துவிட்டேன், நலமாக இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். நாடு முழுக்க அறுபதாயிரம் மணிக்கட்டுகளில் இருக்கிறது. என் அம்மாவின் கையிலும் ஒன்று.

பார்க்க எளிய பொருள். அதன் பின்னால் ஓடும் மென்பொருள் அப்படி இல்லை. இருபது வருடமாக வந்தவன் போனவன் எல்லாம் ஆளுக்கொரு அறையைச் சேர்த்துக் கட்டிவிட்டுப் போன வீடு அது. நடுவில் வேறு இரண்டு நிறுவனங்களை வாங்கினோம். தம்பெரேயில் ஒரு கூட்டம், தாலினில் ஒரு கூட்டம் என்று பொறியாளர்கள் நானூறு பேர் ஆகிவிட்டோம். ஒருவருக்கும் முழு வீடும் தெரியாது. சமையலறையில் ஒருவர் குழாயைத் திருகினால் எங்கோ படுக்கையறையில் விளக்கு அணைந்தது. அணைந்தது யாரால் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

அப்போதுதான் தொழில்நுட்பத் தலைவராக வந்த மெர்வி என்னைக் கூப்பிட்டாள். "ஒரே ஒரு தாள், ஹெய்மோ. நேத்து வேலைக்குச் சேர்ந்த ஆளுக்குப் பத்து நிமிஷத்துல மொத்தமும் புரியணும். புரியலன்னா முட்டாள் அவங்க இல்ல, நாமதான்" என்றாள். என் இருபத்து நான்கு வருட வேலையில் எனக்குக் கிடைத்த மிக நியாயமான உத்தரவு அதுதான்.

பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு குழுவிடமும் போய் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் ஆட்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ஒரு கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு "ஆமா" என்பார்கள். அந்த மூன்று நிமிடத்தையும் பொறுத்துக்கொண்டு கேட்டேன். மென்பொருளின் பகுதிக்கு ஒன்றாக முதலில் போட்ட எழுநூறு பெட்டிகளை அறுபதாக்கினேன், அறுபதை முப்பத்தொன்றாக்கினேன். படத்தின் முதல் பதிப்பை மூன்றாம் மாடிச் சுவரில் ஒட்டிய நாளில், பேசிக்கொண்டே போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பிறகு ஏழெட்டுப் பேர். ஒரு பெண் விரலால் ஒரு கோட்டைத் தொடர்ந்துகொண்டு போய், "அட, இது இங்கயா வந்து சேருது" என்றாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை பெற்றவர்கள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நிற்பது இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்தப் படம் எல்லா மாடிகளுக்கும் போனது. காபிக் குவளைகளில் அச்சானது. சண்டை போட்டுக்கொண்டிருந்த குழுக்கள் படத்தின் முன்னால் நின்று பேசித் தீர்த்துக்கொண்டன. "படத்துல இல்லன்னா உலகத்துலயே இல்ல" என்று அர்த்து ஒருநாள் வேடிக்கையாகச் சொன்னான். தேவையில்லாத பழைய பகுதிகளைக் கண்டுபிடித்து அகற்றும் குழுவுக்குத் தலைவன் அவன். முப்பத்தாறு வயது, எந்தக் கூட்டத்திலும் ஒரு சிரிப்பாவது மூட்டாமல் எழுந்திருக்க மாட்டான். அந்த வேடிக்கை ஆறே மாதத்தில் எழுதாத சட்டமாகிவிட்டது. சுவரில் இருப்பதைப் பார்த்துக் கட்டினார்கள், சுவரில் இருப்பதைப் பார்த்து இடித்தார்கள்.

படத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது.

ரைலி என்று ஒரு பொறியாளர். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லியான பெண், காரியத்தில் கெட்டி. முதல் பட்டை விற்றபோதே வேலையில் இருந்தவள். அவள் எழுதிய ஒரு பகுதிக்குக் 'காது' என்று பெயர். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு, யாரிடமிருந்தெல்லாம் பச்சைச் செய்தி வரவில்லை என்று அது ஒரு பட்டியல் எடுக்கும். பட்டியல் உதவி மையத்துக்குப் போகும். அவர்கள் போன் செய்வார்கள், எடுக்காவிட்டால் ஆளை அனுப்பிக் கதவைத் தட்டச் சொல்வார்கள். காது செய்த வேலை அவ்வளவுதான்.

இதை எப்படிப் படம் போடுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் படத்தில் எல்லாப் பெட்டிக்குள்ளும் ஒரு அம்பு போகும், அதாவது ஒரு செய்தி போகும். அந்தச் செய்தியால் பெட்டி வேலை செய்யும். காதுக்குள் போவது எதுவும் இல்லை. செய்தி வராததால் வேலை செய்யும் பெட்டி அது. வராத ஒன்றுக்கு அம்பு போட முடியாது. கடைசியில் ஒரு புள்ளிக்கோடு போட்டேன். வெளியே தெரியாமல் ஓடுகிற, ஆனால் கட்டாயம் வேண்டிய வழிகளுக்கெல்லாம் முதல் பதிப்பில் புள்ளிக்கோடுதான் அடையாளம். மொத்தம் பத்தொன்பது இருந்தன. ஓரத்தில் குறிவிளக்கத்தில் அப்படியே எழுதியிருந்தேன்.

திங்கட்கிழமைதோறும் புதிதாகச் சேர்ந்தவர்களைப் படத்தின் முன்னால் நிறுத்தி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு விளக்குவேன். ஏழாவது நிமிடம்வரை ஆற்றில் படகு போவதுபோலப் போகும். பிறகு யாராவது ஒருவர் காதுக்கு நேராகக் கை நீட்டுவார். "இதுக்குள்ள ஒண்ணுமே போகலையே, அப்புறம் இது எப்படி வேலை செய்யுது?" அங்கே எல்லாரும் நின்றுவிடுவார்கள். பன்னிரண்டு நிமிடம், பதின்மூன்று நிமிடம். அந்தப் பெட்டியைக் காகிதத்தால் மறைத்துவிட்டு ஒரு தொகுதிக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதரை நிமிடத்தில் முடிந்தது. சோற்றில் ஒரே ஒரு கல் கிடந்தாலும் சாப்பிடும்போது நாக்கு அதைத்தானே தேடும். எனக்கு அப்படி ஆகிவிட்டது.

ரைலியிடம் பேசினேன். காதைக் கழற்றிவிட்டு, பச்சையை அழுத்தச் சொல்லிப் பட்டையே காலையில் நினைவூட்டும்படி செய்துவிடலாம் என்றேன். போன வருடப் பட்டியல்களை எல்லாம் எடுத்துக் காட்டினேன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மறதியில் அழுத்தாதவர்கள். மற்றவர்கள் ஊருக்குப் போனவர்கள், பட்டையைக் குளியலறையில் கழற்றி வைத்தவர்கள். உண்மையிலேயே விழுந்து கிடந்தது வருடத்துக்கு நான்கு பேர். அறுபதாயிரத்தில் நான்கு பேர்.

அவள் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு ஏலக்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எனக்குப் புரியலன்னு சொல்லு ஹெய்மோ, ஒத்துக்கறேன். படத்துக்குப் பிடிக்கலன்னு சொல்லாத. படம் நல்லா வரணும்னு யாராவது வீட்ட இடிப்பாங்களா?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எங்களுக்குள் பகை எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்படியானால் படத்திலிருந்து மட்டும் காதை எடுத்துவிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதையும் யோசித்தேன். என்னால் முடியவில்லை. நிஜத்தில் இருப்பதைப் படத்தில் மறைத்தால் அது பொய்ப் படம். நான் வாழ்நாளில் பொய்ப் படம் போட்டதில்லை. படம் உண்மையாகவும் இருக்க வேண்டும், ஒன்பதரை நிமிடத்தில் புரியவும் வேண்டும் என்றால் ஒரு வழிதான் மிச்சம் இருந்தது.

செப்டம்பரில் ரைலி இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் போனாள். ஐந்து மாத விடுப்பு. அந்தச் சமயம் பார்த்து தம்பெரேக்காரர்களிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது, நான் ஏற்பாடு செய்தது இல்லை. அவர்கள் படங்களில் புள்ளிக்கோடு என்றால் 'நீக்கப்பட இருப்பது' என்று அர்த்தமாம். ஒரே குறிக்கு இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் இருப்பது ஆபத்து, ஒன்றாக்குங்கள் என்றார்கள். சரியான கோரிக்கை. அக்டோபர் ஒன்பதாம் தேதி புதுப் பதிப்பு போட்டேன். குறிவிளக்கத்தில் 'புள்ளிக்கோடு: நீக்கப்பட இருப்பது' என்று மாற்றினேன். பழைய புள்ளிக்கோடுகளை ஒவ்வொன்றாக மெல்லிய கோடாக்கினேன்.

பதினெட்டை மாற்றினேன்.

நிறுவனத்தின் விசாரணையில் ஒன்றை மறந்துவிட்டேன் என்று சொன்னேன். நம்பினார்கள். பத்தொன்பதில் ஒன்று தப்புவது மனித இயல்பு என்று மெர்வி என் தோளில்கூடத் தட்டினாள். நான் மறக்கவில்லை. பதினெட்டாவதை முடித்துவிட்டு, பத்தொன்பதாவதன் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் மிதிவண்டிக்குப் பனிக்காலச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் இரண்டாவது சக்கரத்தை மாட்டி முடித்தபோது நான் கோப்பைச் சேமித்துவிட்டேன். எதையும் செய்ததுபோல எனக்குத் தோன்றவில்லை. ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து அர்த்துவிடமிருந்து செய்தி வந்தது. உங்களிடம் அதன் நகல் இருக்கிறது. "காதுக்குப் போற கோடு புள்ளியா இருக்கு. அப்ப இதையும் தூக்கிடலாம்தானே? இல்லன்னா சொல்லு." பார்த்துவிட்டேன் என்பதற்கான கண் அடையாளம் அதன் அடியில் விழுந்திருக்கிறது. நான் பதில் எழுதவில்லை. வெளியூர்க்காரராக இருந்தால் மறுபடி கேட்டிருப்பார்கள். நம் ஊரில் ஒருவர் பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மௌனம் சம்மதம் என்று சின்ன வயதிலிருந்து பழகியவர்கள் நாம். ஐந்தாம் நாள், அக்டோபர் இருபத்தெட்டு, அர்த்துவின் குழு காதை அணைத்தது.

உதவி மையத்திலிருந்து ஒருவர் கேட்டாராம், பன்னிரண்டு மணிப் பட்டியல் வரவில்லையே என்று. படத்தில் நீக்கப்பட இருந்தது, நீக்கிவிட்டோம் என்று பதில் போனது. அவருக்கும் நிம்மதிதான். மறதிக்காரர்களுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்கும் வேலை குறைந்தது. நவம்பரில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டுப் படத்தை மறுபடி அச்சிட்டேன். முப்பது பெட்டிகள். திங்கட்கிழமை புதியவர்களுக்குச் சொன்னேன். ஒன்பது நிமிடம் இருபது நொடி. ஒருவரும் கை நீட்டவில்லை.

ஜனவரி பதினான்காம் தேதிப் புயலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோர்பிலாம்பிப் பக்கம் செல்போன் கோபுரம் சாய்ந்தது, மின்சாரம் இரண்டரை நாள் இல்லை. சுற்று வட்டாரத்தில் எங்கள் பட்டை கட்டியவர்கள் நூற்றுப் பத்துப் பேர். அவர்களிடமிருந்து ஒரு சிவப்பும் வரவில்லை, ஒரு பச்சையும் வரவில்லை. எங்கள் திரைகள் அமைதியாக இருந்தன. அமைதியைக் கேட்பதற்கு இருந்த ஒரே பெட்டியும் இல்லை. பெரும்பாலானவர்கள் அடுப்பைக் கொளுத்திக்கொண்டு சமாளித்துவிட்டார்கள். ஐந்து பேர் சமாளிக்கவில்லை.

அவர்களில் தைமி லெஹ்தோ என்ற அம்மாளின் கோப்பை மட்டும் நான் முழுவதும் படித்தேன். எண்பத்து நான்கு வயது. முதல் நாள் காலை விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனவர் வழுக்கி விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஊர்ந்து வீட்டுப் படிவரை வந்திருக்கிறார். கதவைத் திறக்க எழுந்து நிற்க வேண்டும், அது முடியவில்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கோபுரம் இல்லாததால் பட்டை ஒவ்வொரு அழுத்தலையும் நேரத்தோடு தனக்குள் எழுதி வைத்துக்கொண்டது. அப்படித்தான் அதை உருவாக்கியிருக்கிறோம். மூன்றாம் நாள் காலை பத்து இருபதுக்குக் கோபுரம் உயிர்பெற்றதும், உதவி மையத்துத் திரையில் ஒரே மணிக்கட்டிலிருந்து நாற்பத்தொரு அழைப்புகள் ஒன்றாக வந்து விழுந்தன. இயந்திரக் கோளாறு என்று நினைத்தாராம் அங்கிருந்தவர். கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை.

முதல் பதினொன்று ஒரு மணி நேரத்துக்குள். பிறகு அரை மணிக்கு ஒன்று. நடுவில் ஒரு நீண்ட இடைவெளி, தூங்கியிருக்கலாம். கடைசி நான்கும் அடுத்தடுத்து. அந்த நேரங்களை ஒரு தாளில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, கை பழக்கம். தாளில் வந்தது ஒரு புள்ளிக்கோடு. அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை. பனியில் சறுக்குக் கம்பு குத்திய தடத்தைப் பார்த்தால் எண்ணுகிறேன். சட்டைத் தையலைப் பார்த்தால் எண்ணுகிறேன். வீட்டில் குளிர்பெட்டியின் இரைச்சல் நிற்கும்போது தூக்கிவாரிப்போட்டு எழுந்து நிற்கிறேன், யாரோ கூப்பிட்டு நிறுத்தியதுபோல. நாற்பத்தொன்று எண்ணுவதற்குள் மறுபடி இரைச்சல் வந்துவிடும். வராத நாட்களும் உண்டு.

நிறுவனத்துக்கு நடந்ததை விளக்க ஒரு படம் வேண்டியிருந்தது. மெர்வி என்னைத்தான் கேட்டாள், வேறு யாரைக் கேட்பாள். ஒரே மதியத்தில் போட்டேன். ஆறு பெட்டிகள், ஐந்து அம்புகள். புயல், கோபுரம், பட்டை, நின்றுபோன பட்டியல், அணைக்கப்பட்ட காது. கடைசிப் பெட்டியில் 'அர்த்துவின் குழு'. நிர்வாகிகளுக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்தது. நான் போட்டதிலேயே அவ்வளவு சீக்கிரம் புரிந்த படம் அதுதான். பிறகு அது உங்களுக்கு அனுப்பப்பட்டது, நீங்கள் அர்த்துவின் மேல் வழக்குப் பதிந்தீர்கள். கவனக்குறைவால் ஐந்து மரணம்.

அவன் தன் பக்கத்தைச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய், தைமி அம்மாளின் ஆளில்லாத வீட்டு முற்றத்தில் பனி அள்ளுகிறான் என்று கேள்விப்பட்டேன். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நானும் போனேன். வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தேன். கொட்டகையிலிருந்து படிவரைக்கும் நேராக ஒரு பாதை வெட்டியிருந்தான். ஓரங்களை மண்வெட்டியால் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துவிட்டு வந்து கண்ணாடியைத் தட்டினான். மீசையெல்லாம் உறைந்திருந்தது.

"நீ பதில் போடலன்னதும் ஒரு போன் அடிச்சுக் கேட்டிருக்கணும் ஹெய்மோ" என்றான். "ஒரே ஒரு போன். எனக்கு ஏன் தோணல? தப்பு எம்மேலதான்ப்பா."

"விடு அர்த்து, மனுஷன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்" என்றேன்.

அவன் அழுதான். நான் அவனை மன்னித்தேன் என்று அவன் எடுத்துக்கொண்டான் என நினைக்கிறேன். நானும் அப்போது அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது மனசு இலேசாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ரைலி கைத்தடியோடு வேலைக்குத் திரும்பினாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக மூன்றாம் மாடிக்குப் போய், பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். என் முதல் பதிப்பு. தன் வீட்டுச் சவுனாவின், அதாவது நீராவிக் குளியலறையின், உடைமாற்றும் அறையில் ஒட்டி வைத்திருந்தாளாம், ஆவியில் ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. அக்டோபர்ப் பதிப்பின் நகல் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். இரண்டையும் சுவரில் அடுத்தடுத்து வைத்துப் பிடித்துக்கொண்டு புள்ளிக்கோடுகளை வாய்விட்டு எண்ணினாள். மாடியே நின்று கேட்டது. பத்தொன்பது என்றதும் என் பக்கம் திரும்பினாள்.

"பதினெட்ட மறக்காம மாத்துன கை. சரியா என்னோடத மட்டும் மறந்துச்சாக்கும். முழுப் பூசணிக்காய எந்தச் சோத்துலப்பா மறைக்கப் பார்த்த?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்க நிற்கவில்லை. அந்த இரண்டு தாள்களோடு நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள் என்று நேற்று நீங்கள் கூப்பிட்டபோது தெரிந்துகொண்டேன்.

இன்று காலை இந்தப் பலகையில் நடந்ததை வரையச் சொன்னீர்கள். வரைந்துவிட்டேன். பாருங்கள், சுத்தமாக இருக்கிறது. தம்பெரேக்காரர்களின் கோரிக்கை, புதுக் குறிவிளக்கம், பதினெட்டு, ஒன்று, அர்த்துவின் செய்தி, அணைத்தது, புயல். "இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டீர்கள். நான் பலகையைத் திரும்பப் பார்த்தேன். இல்லைதான். மறைக்கவில்லை, அந்த இடத்தில் பெட்டி போட எனக்குத் தோன்றவே இல்லை. அர்த்துவுக்குள் போகிற அம்பு எதுவும் என்னிடமிருந்து கிளம்பவில்லையே. நான் எந்தச் செய்தியும் அனுப்பவில்லை.

பிறகு நீங்கள் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்தீர்கள். என் தொலைபேசிக் கணக்கு. பதினொரு வருடமாக அம்மாவை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட்டவன், காது அணைந்த அக்டோபர் இருபத்தெட்டிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறேன். நூற்று முப்பத்தாறு நாள், ஒருநாள் விடாமல். மகன் அம்மாவைக் கூப்பிடுவதில் என்ன ஆச்சரியம் என்றுதான் முதலில் சொல்ல இருந்தேன். அம்மாவே முதல் வாரத்தில் கேட்டாள். "என்னடா இது, தெனமும் போனு? யாராவது செத்துக்கித்துப் போயிட்டாங்களா?" இன்னும் இல்லை அம்மா என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

ஆமாம். எனக்குத் தெரியும். காதை அணைத்தால் கையில் பட்டை இருந்தும் ஒருவர் விழுந்து கிடப்பது யாருக்கும் தெரியாமல் போகும் என்று எனக்குத் தெரியும். வருடத்துக்கு நான்கு என்று எண்ணிக்கையோடு தெரியும். அந்த நான்கில் ஒன்று என் அம்மாவாக இருக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டேன். மற்ற மூன்று யார் என்று நான் யோசிக்கவில்லை. அந்த ஐந்து பேரையும் நான்தான் கொன்றேன். அர்த்து கேட்டான், நான் பேசாமல் இருந்தேன், அதுதான் என் பதில். அவன் மேல் இருக்கும் வழக்கை எடுத்துவிடுங்கள். இதை அப்படியே தட்டச்சு செய்துகொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மணி என்ன ஆகிறது? பத்தே முக்காலா. இன்றைக்கு எட்டு மணிக்கு உங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தேன், போனை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அம்மா காத்திருந்திருப்பாள். முடிந்தால் யாராவது ஒருமுறை கெமிக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், நான் நலமாக இருக்கிறேன் என்று. எடுக்காவிட்டாலும் பதற வேண்டாம். போன வாரம் ரைலி காதை மறுபடி இயக்கிவிட்டாள். பச்சை வரவில்லை என்றால் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலில் பெயர் வரும், யாராவது போய்க் கதவைத் தட்டுவார்கள். நம்பி இருக்கலாம். மிக நல்ல பெட்டி அது, அதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. படத்தில் மட்டும்தான் இடைஞ்சலாக இருந்தது.